நானே பெயின்ட் அடித்த கார்

போன வருடம் ஆயுத பூஜை அன்று காலையில் நடந்தது இது. காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிறுத்தும் இடத்தில், எங்கள் காருக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் நடை தானாக வேகமாகிவிடுகிறது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் கூட வேலை பார்த்தவர் வெளிநாடு போகும்போது எங்களிடம் விற்றுவிட்டுப் போன சின்ன சிவப்புக் கார் அது. என்ஜினில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வருடக்கணக்காக வெயிலில் நின்றதில் பானெட்டும் கூரையும் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டன. மேல்பூச்சு அங்கங்கே உரிந்து நின்றது. என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தினமும் பைக்கில் போய்வருவார். கார் ஓட்டுவது நான்தான். அதனால், "என்னம்மா, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் செய்யும் கேலியெல்லாம் எனக்குத்தான் வந்து சேரும்.

பூஜைக்கு முன்னால் பெயின்ட் அடித்துவிடலாம் என்று கரையான்சாவடியில் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பட்டறைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கேள்வி கேட்டதெல்லாம் நான். அவர் பதில் சொன்னதெல்லாம் என் கணவரிடம். "பூஜ முடியட்டும் சார். வண்டி வந்துகினே கீது, இப்ப கை வெக்க முடியாது. மேடத்த கொஞ்சம் பொறுத்துக்க சொல்லுங்க" என்றார். பக்கத்திலேயே நிற்கிற மேடத்திடம் அதைச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். காரைத் திருப்பி ரோட்டுக்கு வருவதற்குள், "நானே அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. ஸ்ப்ரே கேனால் ஒரு கதவின் கீறலை மறைக்கலாம், பானெட்டும் கூரையும் முழுசாக அடிப்பதெல்லாம் பழகின கைக்குத்தான் வரும் என்றார் அவர். தூசி உட்காரும், பெயின்ட் வழியும், ஒரு இடத்தில் கெட்டியாகவும் இன்னொரு இடத்தில் மெல்லிசாகவும் விழும் என்று அடுக்கினார். பெயின்டின் நெடி ஆகாது என்றும் சொன்னார். "எங்க ஃபேக்டரில பெயின்ட் ஷாப் பக்கம் செல்போன்கூட கொண்டுபோக விடமாட்டாங்க, தெரியும்ல?" என்றார். அதெல்லாம் தெரியாமல் இல்லை. நான் ஏற்கனவே எத்தனையோ வீடியோ பார்த்து முடித்திருந்தேன். முடிவு எடுத்த பிறகு யோசனை கேட்பது என் வழக்கம், அது அவருக்கும் தெரியும். கடைசியில் சிரித்துவிட்டு, "சரி, தேய்க்கிற வேலைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

காரின் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் நிறத்தின் எண் இருந்தது. அதை வைத்து அதே சிவப்பில் கேன்கள் வாங்கினோம். அடியில் பூச பிரைமர், மேலே மினுமினுப்புக்குக் கிளியர் கோட், துடைக்கத் தின்னர், கண்ணாடிகளை மறைக்கப் பழைய செய்தித்தாளும் டேப்பும். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்ததால் எந்நேரமும் சிமென்ட் தூசி. அதைத் தடுக்கப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் வாங்கிவந்து, தூண்களில் கயிறு கட்டி, காரைச் சுற்றி நாலு பக்கமும் கூடாரம் போட்டேன். அதில் ஒன்று யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா பேனர். கார் பக்கம் திரும்பி அந்தக் குடும்பம் மொத்தமும் கைகூப்பி எங்களை வரவேற்றுக்கொண்டிருந்தது.

முதல் முயற்சி படுமோசம். கேனை ரொம்பக் கிட்டத்தில் பிடித்துவிட்டேன். பானெட்டில் பெயின்ட் கண்ணீர் மாதிரி வழிந்தது. கணவர் ஒரு வார்த்தை பேசாமல் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்து எடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லாமல் இருந்ததே எனக்குக் கோபமாக இருந்தது. மறுபடி அடித்தேன். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பெயின்ட் மென்மையாக வரும் என்பது புரிந்தது. கையை நிறுத்தாமல் ஒரே வேகத்தில் கொண்டுபோவது பிடிபட்டது. கூரை முடிந்த அன்று ஃப்ளெக்ஸை விலக்கி எட்டிப்பார்த்த செயலாளர், "பரவாயில்லையே, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பட்டறைக்காரர் வந்து பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் ஆசை வேறு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏனோதானோவென்று இந்த வேலையில் இறங்கவில்லை. ஒரு மென்பொருளில் எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்துக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கேனின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கை முழுவதையும் படித்தேன். தீ பக்கத்தில் இருக்கக்கூடாது, மூடிய இடத்தில் ஆவி தங்கும் என்றெல்லாம் இருந்தது. உடனே வேலையில் இறங்கினேன். மூன்றாவது மாடியில் தங்கியிருக்கும் பையன்கள் கீழே வந்து சிகரெட் பிடிப்பார்கள். அவர்களைத் தெருமுனைக்குத் துரத்தினேன். வாட்ச்மேன் கொளுத்தி வைக்கும் கொசுவத்தியை கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். படிக்கட்டுக்கு அடியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவரை எதிர்ப்பக்க மரத்தடிக்கு மாற்றினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். போதாததற்கு ஒரு அட்டையில், "பெயின்ட் வேலை நடக்கிறது. நெருப்பு கொண்டு வராதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ளெக்ஸின் வாசலில் தொங்கவிட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை என்ற திருப்தி எனக்கு.

எங்கள் கட்டடத்தில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். அவரவர் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, அவரவரே பூஜை செய்துகொள்வோம். பொதுச் சாமான்களுக்கெல்லாம் செயலாளர் சந்தனம் குங்குமம் வைப்பார். தண்ணீர் மோட்டார், மின்சாரப் பெட்டி, கேட், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர் என்று ஒன்று பாக்கி இருக்காது. அன்று காலை தண்ணீர் லாரி ஒன்றும் வந்திருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நெற்றி நிறைய மாலையோடு கல்யாண மாப்பிள்ளை போல் நின்றது. அதன் டிரைவர் தடித்த குழாயைக் கீழ்த்தளத்தில் இருந்த தொட்டிக்குள் விட்டுவிட்டு, பூஜையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்தின நாள் தூறல் விழுந்து காற்று ஈரமாக இருந்ததால் பானெட்டுக்குக் கடைசி கிளியர் கோட்டை நான் அடிக்கவில்லை. ஈரத்தில் அடித்தால் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். பூஜை அன்று விடிந்து வெயில் வந்ததும் அதை அடித்து முடித்தேன். காய வேண்டுமே, கூட்டத்தின் தூசி ஒட்டிவிடக்கூடாதே என்று ஃப்ளெக்ஸை முன்னைவிட இறுக்கமாகக் கட்டினேன். தின்னர் தட்டையும், துடைத்த துணிகளையும், பாதி தீர்ந்த கேன்களையும் காருக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனேன். இத்தனை நாளில் அந்த நெடி எங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது. உள்ளே நுழைந்தால் கண் மட்டும் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான்.

ராகு காலம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று செயலாளர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பெயின்ட் காயாததால் எங்கள் காருக்கு மாலை கிடையாது. நம்பர் பிளேட்டில் ஒரு முழம் பூ, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், காருக்கு முன்னால் தரையில் ஒரு பூசணிக்காய். வண்டி ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்க, சூடம் காட்டும்போது ஹாரன் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மகளுக்கு ஏழு வயது. ஹாரன் அடிப்பதற்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவள். பட்டுப்பாவாடையும் அதுவுமாக அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் வெளியே செய்தித்தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே அரை இருட்டு.

சாத்துவதற்கு முன்னால் கணவரிடம் நான் ஒன்று சொன்னேன். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"சூடம் மறந்துடாதீங்க."

அவர் மறக்கவில்லை. தட்டில் சூடமும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு, நான் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்ட அட்டையை ஒரு கையால் விலக்கிவிட்டு, குனிந்து உள்ளே வந்தார். பெயின்ட் ஷாப்புக்குள் செல்போன் கொண்டுபோகாத மனிதர். சிகரெட் பிடித்த பையன்களைத் துரத்தும்போது என்கூட நின்றவர். வெளியே செயலாளர் நின்றார், இரண்டாவது மாடி அக்கா நின்றார், வாட்ச்மேன் நின்றார். அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை.

வெளியே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பூசணிக்காய் மேல் சூடத்தை வைத்து, தரையோடு தரையாகக் குந்தி, அவர் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார். சூடம் பற்றுவதற்கு முன்பே தரை பற்றிக்கொண்டதாம். நீல நிறத்தில் ஒரு தீ அவர் காலடியிலிருந்து காருக்கு அடியில் ஓடியது, போன வேகத்தில் ஃப்ளெக்ஸில் ஏறியது என்று செயலாளர் சொன்னார். காருக்கு அடியில் என்ன இருந்தது என்பதை நான் மறுபடி சொல்லத் தேவையில்லை. கணவர் பின்பக்கமாக வெளியே விழுந்தார். விழுந்தவர் எழுந்து எங்கள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்.

அந்தக் கத்தல் எங்களுக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் உள்ளே என் மகள் ஹாரனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சி உரசும் சத்தம் லேசாகக் கேட்டதும் நான்தான், "இப்ப அடி" என்றேன். முன் கண்ணாடியை மூடியிருந்த செய்தித்தாளில் கீழிருந்து மஞ்சள் வெளிச்சம் பரவியது. சூடம் காட்டுகிறார் என்று நினைத்தேன். வெளிச்சம் மேலே மேலே ஏறி, தாளில் இருந்த எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டது போல் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. கையைக் கூப்பிக்கொண்டேன்.

மகள் ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். "அம்மா, சூடம் இவ்ளோ பெருசா எரியுமா?" என்று கேட்டாள்.

"பேசாம கும்பிடு" என்றேன்.

அவளும் கும்பிட்டாள். நாங்கள் இருவரும் அந்தத் தீயைக் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகுதான் செய்தித்தாளின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. வட்டம் ஓட்டையானது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பானெட் முழுவதும் தீ. வெளியே கத்தும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. கதவைத் திறக்கத் தள்ளினேன், ஒரு சாண் திறந்தது. அந்த இடைவெளியில் ஃப்ளெக்ஸ் உருகி நெருப்போடு சொட்டிக்கொண்டிருந்தது. அனல் முகத்தில் அடித்தது. கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூளை அப்படியே நின்றுவிட்டது. எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று யோசித்துச் சம்பளம் வாங்குகிறவள், மகளின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போது காரின் பின்பக்கம் யாரோ படபடவென்று தட்டினார்கள். "யக்கா, டிக்கிய தொற. முன்னால வராத. டிக்கிய தொறக்கா" என்று ஒரு குரல். தண்ணீர் லாரி டிரைவர். பின்பக்க ஃப்ளெக்ஸைக் கயிறோடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு அங்கே வந்திருந்தார். எங்கள் காரில் டிரைவர் சீட்டுக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று டிக்கிக்கு, ஒன்று பெட்ரோல் மூடிக்கு. தினமும் திறந்து பழகின கை, அன்று பெட்ரோல் மூடியை இழுத்தது. பக்கவாட்டில் 'டக்' என்று சத்தம் கேட்டதும் என்ன செய்தேன் என்பது புரிந்தது. உள்ளே திருகு மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தோம். அடுத்ததை இழுத்தேன். டிக்கி திறந்து வெளிச்சம் வந்தது.

மகளைப் பின்சீட்டுக்கு மேலாக டிக்கி வாசல் பக்கம் தள்ளினேன். அவள் பாவாடை சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் இருந்து அவர் கையை நீட்டி அவளைப் பிடித்து இழுத்தார். பாவாடை கிழிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. பிறகு நானும் தவழ்ந்து வெளியே விழுந்தேன்.

வெளியே ஒரே களேபரம். செயலாளர் தண்ணீர் லாரியின் குழாயைத் தொட்டியிலிருந்து உருவி முன்பக்கம் திருப்பினார். பேனரும் செய்தித்தாளும் அணைந்தன, ஆனால் தரையில் கொட்டியிருந்த தின்னர் தண்ணீரின் மேல் மிதந்து, நெருப்போடு பக்கத்து பைக்குகளை நோக்கி நகர ஆரம்பித்தது. "தண்ணி வேணாம் சார், நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே என் கணவர் சுவரை நோக்கி ஓடினார். சந்தனம் குங்குமத்தோடு இருந்த சிலிண்டரைக் கழற்றி, ஊசியைப் பிடுங்கி, வெள்ளைப் பொடியை நெருப்பின் அடியில் பீய்ச்சினார். தொழிற்சாலையில் வருடா வருடம் பயிற்சி கொடுப்பார்களாம். தீ அணைந்த பிறகுதான் அவருடைய வலது கையில் தோல் கழன்று தொங்குவதைப் பார்த்தேன். ஒரு புருவமும் இல்லை. அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை விபத்து என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். அதற்கடுத்து நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

இரண்டாவது மாடி அக்காவுக்கு என் மகள் என்றால் உயிர். நாங்கள் ஆபீசில் இருக்கும் நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அவர் அழுதுகொண்டே மகளைக் கட்டிப்பிடித்தார். "கண்ணு பட்டுடுச்சு. ஊரே பாத்துச்சே காரை. நல்லவேளை, வண்டியோட போச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவர் மகளைக் கிழக்குப் பார்த்து நிற்கவைத்தார். உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு அவளைச் சுற்ற ஆரம்பித்தார். மறுகையில் தீப்பெட்டி.

சூடம்.

தரை முழுக்கத் தண்ணீர். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறத்தில் தின்னர். அதன் நடுவில் வெறுங்காலோடு கிழிந்த பட்டுப்பாவாடையில் என் பிள்ளை. எதிரே அவளை என்னைவிட அதிகமாகக் கொஞ்சும் ஒருவர், சுற்றி முடித்துவிட்டுச் சூடத்தைக் கொளுத்தக் குனிகிறார். இத்தனை நடந்த பிறகும் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரில் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. லாரி டிரைவர்கூட மரியாதையாக ஓரடி விலகி நின்றார்.

நான் பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். அது தண்ணீரில் விழுந்தது. அக்கா அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். பெரியவர் கையைத் தட்டிவிட்டேன் என்று எல்லோர் முகமும் மாறியது. "என்னம்மா இது, குழந்தைக்குத்தானே சுத்தறேன்" என்றார் அவர், குரல் உடைந்து. "அக்கா, அது நெருப்புக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவர் முகத்திலும் நான் பார்த்தது பயம் இல்லை, அதைவிட மோசமான ஒன்று. அவரவருக்கும் அப்போதுதான் உறைத்தது. லாரி டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நானும் பாத்துகினுதான் நின்னேன்கா. தின்னர் வாசன மூக்க தொளைக்குது. ஆனா சூடந்தானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் கணவரின் கைக்குக் கட்டுப் போட்டார்கள். காயம் ஆற வாரக்கணக்கில் ஆனது. புருவம் வளர்ந்துவிட்டது, வலது கையில் தழும்பு இருக்கிறது. மருந்து போட்ட டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவரும் தன் மேஜையில் இருந்த சாமி படத்தையும் அதற்கு முன்னால் இருந்த சூடத்தட்டையும் பார்த்தார். பக்கத்திலேயே ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. எழுந்து போய்ப் பாட்டிலை அலமாரிக்குள் வைத்தார்.

லாரி டிரைவர் மறுநாளும் தண்ணீர் கொண்டு வந்தார். நான் கீழே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், "பாப்பா சாப்ட்சாக்கா?" என்று மட்டும் கேட்டார். அக்கா நாலு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் மகளுக்குப் பிடித்த கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு வந்தார்.

ஸ்ப்ரே கேனால் வீட்டிலேயே காருக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று ஆபீசில் இப்போதும் யாராவது கேட்பார்கள். அடிக்கலாம், வெட்டவெளியில் அடியுங்கள், முடிந்ததும் தின்னரையும் துணியையும் அப்புறப்படுத்துங்கள் என்று சொல்வேன். அதெல்லாம் கேனிலேயே எழுதியிருக்கிறது. நெருப்பு என்றால் சிகரெட், கொசுவத்தி, கரிப்பெட்டி என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒன்றை நெருப்பு என்று நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டதா என்று அம்மா போனில் கேட்டார். போகவில்லை. இந்த வருடமும் பூஜை செய்தோம், திறந்தவெளியில், கார் அருகே விளக்குகூட இல்லாமல்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது கணவரின் தழும்பு இல்லை, கருகிப்போன அந்தப் பானெட்டும் இல்லை. காருக்குள் இருந்த இரண்டு பேரில் நடப்பதைச் சரியாகப் பார்த்தவள் மகள், "பேசாம கும்பிடு" என்று அவள் வாயை அடைத்தவள் நான். அன்றிலிருந்து என் மகள் எதைக் கேட்டாலும், எவ்வளவு வேலையில் இருந்தாலும், முதலில் அவள் பார்க்கும் திசையில் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.